சும்மா பழசு

போன வாரம் அக்கா மகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட். இந்தச் சடங்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் ஏதோ ஒரு வெயிலில் யாருக்காவது குடை பிடித்திருப்பீர்கள். இந்த முறை 'ரெட்ரோ தீம்'. மாப்பிள்ளைக்கு பெல்பாட்டம், பெண்ணுக்குப் புள்ளி போட்ட புடவை. நான் என் மாருதி 1000-இன் மேல் சாய்ந்து ஓரமாக நின்றிருந்தேன். கேமராப் பையன் பணிவாக வந்தான்.

“அங்கிள், அந்தக் காரை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திடுங்களேன். ஃப்ரேம்ல விழுது.”

“ரெட்ரோன்னு சொன்னீங்களே தம்பி? இது 1991 வண்டி.”

“இல்ல அங்கிள். இது ரெட்ரோ இல்ல. சும்மா பழசு.”

வண்டியை எடுத்தேன். அந்த இடத்துக்கு ஒரு வாடகை கான்டெஸா வந்தது. வந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் பானெட்டில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும், தள்ளி மூச்சு வாங்கிய நாலு பேர் உட்பட எல்லோரும் “செம கெத்து” என்றார்கள்.

ஆக, மாருதி 1000 கெத்தா, இல்லையா? இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டாமல் எழுந்திருப்பதில்லை.

கான்டெஸாவின் தோற்றம் வாக்ஸால் விக்டர் என்கிற இங்கிலாந்துக் காருடையது. கான்டெஸா கிளாசிக்கின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஜப்பானின் இசுசு எஞ்சின், 1.8 லிட்டர். அதே காலத்து பிரீமியர் 118 என்இ-க்கு ஃபியட் 124 உடம்பு, நிஸ்ஸான் எஞ்சின். ஐரோப்பாக்காரன் சட்டைக்குள் ஜப்பான்காரன் ஒளிந்திருந்தால் கெத்து. அவனே தன் சொந்தச் சட்டையில் வந்தால் சும்மா பழசு. என்ன நியாயம் இது?

மாருதி 1000 என்பது சுசுகி கல்டஸின் செடான். 1990-இல் இங்கே வந்தது. விலை நாலு லட்சத்தை நெருங்கியது; பெரிய டாக்டர்கள் வீட்டு வாசலில்தான் பார்க்க முடியும். இதே உடம்புக்கு வெளிநாடுகளில் 1.3, 1.6 லிட்டர் எஞ்சின்களும் இருந்தன. நமக்கு வைத்தது 970 சிசி. 46 குதிரைகள். அதில் எத்தனை குதிரை ஏசிக்கு வேலை பார்க்கப் போய்விடும் என்பது ஊரறிந்த கதை. 1994-இல் அதே உடம்பில் 1.3 லிட்டரை வைத்து எஸ்டீம் என்று விட்டார்கள். அதோடு 1000-ஐக் கேட்பாரில்லை.

கெத்து சினிமாவிலிருந்து வருகிறது. அம்பாசடருக்கு மந்திரி கிடைத்தார். கான்டெஸாவுக்கு வில்லன் கிடைத்தான். அட, ஆம்னிக்குக்கூட கடத்தல் தொழில் கிடைத்தது! கதவு சர்ரென்று திறக்கும், ஹீரோவின் தங்கை உள்ளே போவாள், கதவு மூடும், ரோட்டில் ஒற்றைச் செருப்பு கிடக்கும். மாருதி 1000-இல் ஒருவரைக் கடத்தினால் என்ன ஆகும் என்று நான் ரொம்ப யோசித்திருக்கிறேன்.

முதலில், அது காலை நேரமாக இருக்கக் கூடாது. கார்புரேட்டர் வண்டி. சோக்கை இழுத்து, ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகும் வரை காத்திருந்து, சோக்கை உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குள் பெண்ணின் அப்பாவே காபி கொண்டுவந்துவிடுவார். சரி, மாலையில் கடத்துகிறோம். டிரைவர், பக்கத்தில் தலைவன், பின்னால் இரண்டு அடியாட்கள், நடுவில் பெண். உட்காருவதில் குறையில்லை. எங்கே போவது? சினிமா சம்பிரதாயப்படி மலை மேல் ஒரு பங்களா. எங்கள் சேலம் பக்கத்துக்கு ஏற்காடு போதும், 20 வளைவில் முடிந்துவிடும். ஆனால் போலீசும் முதலில் அங்கேதான் தேடும். எனவே கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்.

ஐந்தாவது வளைவில் தலைவன், “ஏசியை ஆஃப் பண்ணுடா” என்பான். பத்தாவதில் கண்ணாடி இறங்கும். கண்ணாடி இறங்கினால் பெண் கத்துவாள். எதிரே வரும் பஸ் டிரைவர் நிறுத்தி, “என்னங்க, வண்டி இழுக்கலையா?” என்று விசாரிப்பார். இருபதாவதில் ஓர் அடியாள் இறங்கி நடப்பான்; வண்டிக்கு முன்னால் போய் டீ சொல்லி வைப்பான். முப்பத்தைந்தாவதில் யார் எடை அதிகம் என்று பேச்சு எழும், கொஞ்சம் மனக்கசப்பும் வரும். நல்ல குடும்பத்துப் பெண், “நான் வேணா இறங்கிக்கட்டுமாண்ணா?” என்று அவளே கேட்பாள். அறுபதாவதில் போலீஸ் ஜீப் பின்னால் வந்து, ஹாரன் அடித்து, ஓவர்டேக் பண்ணி, மேலே போய்க் காத்திருக்கும்.

எந்த டைரக்டர் இதைப் படமாக எடுப்பார்?

ஜப்பானில் இந்தக் குறையே இல்லை. டொயோட்டா ஸ்பிரிண்டர் ட்ருவெனோ என்று ஒன்று, 1983 முதல் 1987 வரை வந்த கரோலா வகையறா. 1995-இல் ஷூயிச்சி ஷிகெனோ 'இனிஷியல் டி' என்ற படக்கதையைத் தொடங்கினார். அதில் டோஃபு கடைக்காரர் மகன் விடியற்காலையில் அந்தக் காரில் மலைப்பாதை ஏறி டோஃபு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவ்வளவுதான். இன்றைக்கு அந்தக் காரின் விலையைக் கேட்டால் நமக்குப் பேச்சு வராது. பின்சக்கர இயக்கம், அது, இது என்று காரணம் சொல்வார்கள், சொல்லட்டும். என் வண்டி இட்லி மாவுத் தூக்கோடு ரயில்வே கேட்டில் எத்தனையோ விடியல்களில் நின்றிருக்கிறது. வரைய ஓர் ஆள் இல்லை.

ஹங்கேரியில் எஸ்டெர்கோம் என்கிற ஊரில் 1992-இல் இதன் கூடப் பிறந்த ஸ்விஃப்டைத் தயாரிக்க ஆரம்பித்து, 'நம்ம கார்' என்றே விளம்பரம் செய்தார்கள். பாகிஸ்தானில் இதே செடானுக்கு இஸ்லாமாபாத்தை ஒட்டிய மலைகளின் பெயரை வைத்து, மார்கல்லா என்று கூப்பிட்டார்கள். நமக்கு எஞ்சின் அளவையே பெயராக வைத்தார்கள். அதிலும் 30 சிசி கூட்டி.

அரசாங்கமாவது கைகொடுக்குமா என்றால், 2021-இல் வந்த விதிப்படி 50 வயது ஆனால்தான் 'வின்டேஜ்'. என் வண்டிக்கு அந்தப் பட்டம் 2041-இல். ஆனால் பசுமை வரி கட்ட 15 வயதே போதும். வரிக்குக் கிழவி, மரியாதைக்குச் சிறுமி.

முப்பது தாண்டிய வண்டி, ஏசி பட்டனை அழுத்தினால் ஐடிலிங் இறங்கி ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும். டாஷ்போர்டில் பசை போட்டு ஒட்டிய பிள்ளையார் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவார். மற்றபடி இதுவரை நடுரோட்டில் நின்றதில்லை. அதுதான் அதன் குற்றம் என்று நினைக்கிறேன். நாலு தடவை நின்று, நாலு பேரைத் தள்ள வைத்திருந்தால் அதற்கும் ஒரு ரசிகர் மன்றம் இருந்திருக்கும்.

கடைசியில் என் மெக்கானிக்கிடமே கேட்டுவிட்டேன். அவர் பானெட்டுக்குள்ளிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

“கெத்தா இல்லையான்னெல்லாம் தெரியாது சார். கம்ப்ரசரைக் கழட்டிட்டா நல்லா இழுக்கும். கழட்டிடவா?”