மூணு மாசக் கணக்கு

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி என்ன இப்படிப் பூரிச்சுப் போயிருக்கு? கையில என்ன, ரத்தப் பரிசோதனைச் சீட்டா? கொண்டா பாப்போம். வெறும் வயித்துல 104. அடேயப்பா, பாஸாயிட்டே!

சீட்டு வாங்கப் போறதுக்கு முந்தின ரெண்டு நாளும் நீ கம்மங்கூழும் மோருமாக் கிடந்ததை ஒன் அத்தை சொன்னா. ரத்தம் குடுத்த கையோட பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல நாலு பரோட்டாவைப் பிச்சுப்போட்டு சால்னாவுல குளிப்பாட்டுனியே, அதைப் பாத்தவன் வந்து சொல்லிட்டான். ஜமாபந்தி வருதுன்னு ராத்திரியோட ராத்திரியாக் கணக்கெழுதுவாரே அந்தக் காலத்துக் கர்ணம், அவருகிட்டத் தொழில் படிச்சியா?

சரி, என் கதையைக் கேளு. எனக்குச் சீனி வியாதி வந்து ஒன்றரை வருசம் கழிச்சுத்தான் வந்திருக்குன்னு சொன்னாக. அதுவரைக்கும் நான் சும்மா இருக்கலை, டாக்டர்மாருக்கு ஒழுங்காப் படியளந்துக்கிட்டுத்தான் இருந்தேன். அசதின்னு போனேன், ஊசி போட்டு டானிக் எழுதுனாக. கண்ணு மங்குதுன்னேன், கண்ணாடியை மாத்துனாக. உள்ளங்கால் எரியுதுன்னேன், சத்து மாத்திரை. தொடையிடுக்குல அரிப்புன்னேன், களிம்பு. ராத்திரி நாலு வாட்டி ஒண்ணுக்குப் போக எந்திரிக்கேன்னேன், “வயசாயிட்டுல்லா பெரியவரே”ன்னாரு ஒருத்தரு. ஆளுக்கொரு துண்டைப் பாத்தாக. நானும் என்ன யோக்கியம்? காலுக்குப் பாத்தவருகிட்டக் கண்ணைப் பத்தி மூச்சு விடலை.

நடுவுல ஒரு தடவை ரத்தமும் எடுத்தாக. வெறும் வயித்துல மட்டும். 118. “பார்டர்தான், பயப்படாதீங்க”ன்னு அனுப்பிட்டாக. பார்டர்ல நிக்கிறவனுக்குத்தான மொதக் குண்டு? அதை அப்பக் கேக்கத் தெரியலை.

பெறகு ஒரு நாள் பருத்திக்காட்டுலருந்து வீட்டுக்குள்ள வாரேன், பேத்தி கத்துதா, “தாத்தா, தரையெல்லாம் ரத்தம்!” குதிகால்ல ஒரு உடைமுள்ளு, விரக்கடை நீளம், செருப்பையும் தொளைச்சுக்கிட்டு ஏறி நிக்குது. காட்டுலருந்து வீடு வரைக்கும் என்கூடவே நடந்து வந்திருக்கு, எனக்குத் தெரியலை! சுகாதார நிலையத்துல ஒரு சின்ன டாக்டரம்மா முள்ளைப் பிடுங்கிட்டு, “இது எப்படித் தாத்தா தெரியாமப் போச்சு?”ன்னு கேட்டாக. அஞ்சு டாக்டரு கேக்காத கேள்வி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தத்தைப் பாத்தா 268. நம்மளை மாதிரிச் சோத்து மூட்டைக்கு வெறும் வயித்துக் கணக்கு நல்லபிள்ளையா நடிக்கும், சாப்பாட்டுக்குப் பின்னாலதான் சாயம் வெளுக்கும்.

அந்தம்மா இன்னொண்ணும் சொன்னாக. ஹெச்பிஏ1சின்னு ஒரு பரிசோதனை. ரத்தத்துல சிவப்பணுவுக்கு ஆயுசு 120 நாள் பக்கம். ரத்தத்துல ஓடுற சீனி அது மேல அப்பிக்கிட்டே வரும். அதை எண்ணிட்டா ரெண்டு மூணு மாசக் கணக்கும் வெளிய வந்துரும். ரெண்டு நாள் கூழு குடிச்சு அழிக்க முடியாது. வெறும் வயித்துல 126, குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 200, இந்த மூணு மாசக் கணக்குல 6.5, இதைத் தொட்டா சீனிதான். ஒன் பொண்டாட்டிக்கு ரத்தசோகைன்னாகளே, அவளுக்குப் பாத்தா அதையும் டாக்டருகிட்டச் சொல்லணும். சோகை இருந்தா இந்தக் கணக்கே பிசகும்.

கணக்குச் சரியா இருந்தாலும் வியாதியைத் தப்பாப் படிக்கிறதும் உண்டு. மேலத்தெருப் பய ஒருத்தன், 28 வயசு, ஒடம்பு கருவேலங்குச்சி. எனக்குக் குடுத்த மாத்திரையையே அவனுக்கும் எட்டு மாசம் ஏத்தி ஏத்திக் குடுத்தாக. ஆளு கரைஞ்சுக்கிட்டே போறான், சீனி ஏறிக்கிட்டே போகுது. ‘பய ஒளிச்சுத் திங்கான்’னு டாக்டரும் திட்ட, அப்பனும் திட்ட. கடைசியில இன்னொருத்தரு சி-பெப்டைடுன்னு ஒரு பரிசோதனை பாத்தாரு. கணையத்துல இன்சுலின் ஊறவே இல்லை! கிணறு வத்திப் போனது தெரியாம மோட்டாரை மாத்தி மாத்திப் போட்டிருக்காக. 1921ல டொராண்டோவுல கண்டுபிடிச்ச இன்சுலின், நூறு வருசம் தாண்டி நம்ம பயலை எந்திரிச்சு நடக்க வச்சுது. நீங்கதான் ‘ஊசி போட்டா முடிஞ்சுபோச்சு’ன்னு இன்னும் ஒப்பாரிக்கு ஆள் சேக்கிறீக.

டாக்டரை மட்டும் ஏசி என்ன செய்ய? வெளிய நிக்கிறது எம்பது டோக்கன், ஒனக்கு ரெண்டு நிமிசம். அதுல ஒன்றரை நிமிசம் “நல்லாருக்கேன் சார்”னு பல்லைக் காட்டுனா அவரு என்னத்தைப் பாப்பாரு? அதுக்குச் சூட்சுமம் இருக்கு. செருப்பை வாசல்லயே கழட்டிட்டுப் போயி, காலை முன்னால நீட்டி உக்காரு. மரியாதை கெட்ட பயன்னு குனிஞ்சு பாப்பாருல்லா, அப்பக் காலையும் பாத்துருவாரு! திங்கிற மாத்திரை அட்டை அத்தனையையும் மேசையில கொட்டு. எதைப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா வேர்த்து நடுங்கும்னு கேளு. கண்ணுக்குள்ள சொட்டு மருந்து விட்டுப் பாக்கிறதையும், ஒண்ணுக்குல புரதம் போகுதான்னு பாக்கிறதையும் வருசத்துக்கு ஒருக்க எழுதித் தரச் சொல்லு.

மாத்திரைக்கும் அலைய வேண்டாம். 2021ல கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் நம்ம தெருவுக்கும் வருது. மருத்துவம் மக்களைத் தேடுது, மக்கள் மாத்திரை கொண்டு வார பிள்ளையைக் கண்டதும் கொல்லைப்புறமா ஓடுறாக. போன மாசம் வேலி தாண்டுனது நீதான?

இந்தா, இது என் நோட்டு. தேதி, என்ன தின்னேன், எவ்வளவு காட்டுச்சு, எல்லாம் இருக்கு. சித்திரைத் திருவிழா அன்னைக்கு 291, பக்கத்துலயே ‘அதிரசம் மூணு’ன்னு எழுதியிருக்கேன் பாரு. டாக்டரம்மா படிச்சுட்டுச் சிரிச்சாக, ஆனா மாத்திரையைக் கூட்டலை.

அது என்ன பையில? கோவில்பட்டிக் கடலைமிட்டாயா? மாமனுக்குச் சீனின்னு தெரிஞ்சும் வாங்கிட்டு வந்திருக்கியே, ஒன் பாசத்தை என்ன சொல்ல! அத்தை கண்ணுல படாம இங்கன வை. எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. அந்தப் பேனாவையும் எடு. நான் எழுதிட்டுத் திங்கேன். நீ எழுதுவியா, இல்லை ரெண்டு நாள் கூழு குடிக்கப் போறியா?