தீவு வேண்டுவோர் கவனத்திற்கு

அடுத்தவர் மண்ணில் கோட்டை கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு எங்கள் கெடாவை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. ராஜேந்திர சோழன் 1025-இல் கப்பல் கப்பலாகப் படையை ஏற்றி வந்து கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, அடித்தான். எவ்வளவு செலவு, எத்தனை உயிர்! 761 ஆண்டுகள் கழித்து பிரான்சிஸ் லைட் மூன்று கப்பல்களோடு வந்து, ஒரு வெட்டுக்குத்தும் இல்லாமல் கெடாவுக்குச் சொந்தமான பினாங்குத் தீவில் இறங்கிவிட்டார். இங்கே சொல்லப்போவது லைட்டின் முறை. சோழன் முறைதான் வேண்டும் என்பவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்தில் விசாரித்துக்கொள்ளவும்.

முதல் வேலை, பயந்திருக்கும் ஆளாகப் பார்ப்பது. அண்டை வீட்டோடு தகராறு உள்ளவன் நிலத்தை மலிவாகத் தருவான். எந்தத் தரகரைக் கேட்டாலும் சொல்வார். அன்றைய கெடா சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷாவுக்கு வடக்கே சயாம் இருந்தது. பொன்னிலும் வெள்ளியிலும் செய்த பூமரத்தை, பூங்கா மாஸ் என்பார்களே, அதைத் தவணை தவறாமல் அங்கே அனுப்பியாக வேண்டும். தெற்கே சிலாங்கூரின் பூகிஸ்காரர்கள் வேறு. அவர் தேடியது நிலம் வாங்க ஆள் அல்ல, துணைக்கு வரப் படை. இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள். 1772-இல் சென்னப்பட்டணத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய எட்வர்ட் மாங்டனுக்கு இந்த வித்தை கைவரவில்லை. படை உதவி என்ற பேச்சு வந்ததும் காரியம் முறிந்து வெறுங்கையோடு திரும்பினார். லைட்டோ சென்னை வணிகக் கூட்டம் ஒன்றின் ஆளாக இந்தக் கரையில் பழம் தின்று கொட்டை போட்டவர். மலாய் பேசுவார், அரண்மனைப் பழக்கமும் தெரியும்.

சுல்தான் தன் நிபந்தனைகளை எழுதியே கொடுத்தார். கடல்வழி எதிரி வந்தால் காக்க வேண்டும். தரைவழி எதிரி வந்தாலும் ஆளும் ஆயுதமும் தர வேண்டும். அபினி, ஈயம், பிரம்பு வியாபாரத்தில் தனக்கு வரப்போகும் நட்டத்துக்கு ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய டாலர் வேண்டும். மனிதர் ஏமாளி இல்லை என்பதைக் கவனியுங்கள். கல்கத்தாவில் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் மெக்பர்சன் என்ன செய்தார்? தீவை ஏற்றுக்கொண்டார். தரைப்படை விவகாரத்தை மட்டும் லண்டனுக்கு எழுதிக் கேட்பதாக ஒதுக்கி வைத்தார்.

எங்கள் கித்தாத் தோட்டங்களில் வளர்ந்த எவருக்கும் இது புது வசனம் அல்ல. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றாலும், பைப்பில் தண்ணி வரவில்லை என்றாலும், கிராணியிடமிருந்து வரும் பதில் ஒன்றே: “ஆபீசுக்கு எழுதியிருக்கு.” எழுதியது பொய்யாகவும் இருக்காது. பதில் வருவதற்குள் கேட்டவர் பென்ஷனுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

லண்டன் பதிலுக்காக நீங்களும் காத்திராதீர்கள். லைட் 1786 ஜூலையில் இறங்கிக் காட்டை வெட்டத் தொடங்கினார். பீரங்கியில் வெள்ளிக் காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் காட்டை அழித்துத் தந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் கூலி கொடுக்கும் முறை பற்றி நல்ல யோசனை. ஆகஸ்ட் 11-இல் கொடி ஏறியது. ஒப்பந்தம்? அதற்கென்ன அவசரம். நிபோங் மரத்தை நட்டு வேலி போட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டால், பிறகு பேசுவது சுலபம். கார்ன்வாலிஸ் கோட்டை அப்படித்தான் எழுந்தது. கட்டிய நாளிலிருந்து அது ஒரு போரையும் பார்க்கவில்லை.

(இடையில் ஒரு சின்ன யோசனை: உங்கள் படம் ஒன்றை வரைந்து வைத்துவிட்டுப் போங்கள். லைட் அதைச் செய்யவில்லை. அதனால் 1936-இல் சிலை செய்தபோது, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை வகுத்த அவர் மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள். கோட்டையில் அப்பா பெயரில் நிற்பது மகன்தான்.)

படை உதவி இல்லை என்ற பதில் ஒருவழியாக வந்துசேர்ந்தது. சுல்தான் பொறுத்துப் பார்த்து, 1791-இல் எதிர்க்கரையில் பிறையில் ஆட்களைத் திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அதைக் கலைத்தார். மே மாதம் ஒப்பந்தம்: ஆண்டுக்கு 6,000 டாலர். கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. படையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. சுல்தானுக்காக ஒரு துப்பாக்கியும் தராத கம்பெனி, அவருக்கு எதிராகத் தாராளமாகத் தந்ததைக் கவனித்தீர்களா? இதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி.

தீவு கிடைத்தால் கரையையும் கேளுங்கள். 1800-இல் செபராங் பிறை போயிற்று. மொத்தத் தொகை 10,000 டாலர் ஆயிற்று. பிற்பாடு கரும்புத் தோட்டத்துக்கென்று நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கியதும் அந்தக் கரையில்தான்.

1821-இல் சயாம் படை, சுல்தான் பயந்தபடியே, கெடாவுக்குள் புகுந்தது. அப்போதைய சுல்தான் அகமது தாஜுதீன் தன் அப்பா கொடுத்த தீவுக்கே ஓடி அடைக்கலம் கேட்டார். படை வரவில்லை. 1826-இல் கம்பெனி சயாமோடு செய்துகொண்ட பர்னி ஒப்பந்தத்தில், அவரைப் பினாங்கில் குடியிருக்க விடமாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தது. நிலம் தந்த வீட்டுக்காரனுக்கே வாடகைக்காரன் இடமில்லை என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டால், உங்களுக்குச் சான்றிதழ் தரலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. காகிதத்தில் எழுதிய தொகை லேசில் சாகாது. கம்பெனி போய், வெள்ளைக்காரனும் போன பிறகு, அந்த 10,000 வெள்ளியை மலேசியக் கூட்டரசு ஆண்டுதோறும் கெடாவுக்குக் கட்டிவந்தது. அண்மையில் அது 10 மில்லியன் வெள்ளியாக உயர்ந்தது. சுல்தான் அப்துல்லா கேட்ட 30,000 மட்டும் எந்த ஆண்டும் வரவில்லை. 10,000-இலிருந்து நேராக அதைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.