கனவான் திருடனின் வரவு செலவு

திருடர்களைப் பற்றிய கதை இலக்கியத்தில் 'கனவான் திருடன்' என்பது தனியொரு வகையாகும். பூட்டை உடைக்க அஞ்சாதவன் எனினும் நாகரிகத்தை உடைக்கக் கூசுபவனாகவும், வரப்போகும் நாளை வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதித் தெரிவிப்பவனாகவும், பெண்கள் அழுதால் வந்த வேலையை மறந்துவிடுபவனாகவும் இவனை அடையாளம் காணலாம். இவ்வகைக்கு இலக்கணம் வகுத்துத் தந்தவர், 1905இல் ஆர்சேன் லூப்பன் என்ற பாத்திரத்தைப் படைத்த பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் லெப்லான் ஆவார். இத்தகையோரின் துணிவையும் உடைநேர்த்தியையும் வியந்து எழுதப்பட்டவை ஏராளமாக இருக்க, இத்தொழில் கட்டுப்படியாகுமா என்ற அடிப்படைக் கேள்வி மட்டும் போதிய கவனம் பெறாமலே இருந்து வருகிறது. அதற்கு விடை தேடுவோருக்குக் கிடைக்கும் சிறந்த ஆவணம் 'காலியோஸ்ட்ரோ கோட்டை' என்னும் ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படம்.

1979 டிசம்பரில் வெளியான இப்படம், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளப் படமாகும். இதன் நாயகனான மூன்றாம் லூப்பன், மங்கி பஞ்ச் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் 1967இல் தொடங்கிய 'மங்கா' எனப்படும் ஜப்பானியப் படக்கதையில் பிறந்தவன். பிரெஞ்சுத் திருடனின் பேரன் என்று சொல்லிக்கொள்பவன். குறி தவறாத துப்பாக்கிக்காரன் ஜிகென், இரும்பையும் வெட்டும் வாளுடைய கொயெமோன், யார் பக்கம் என்று யாரும் அறுதியிட்டுக் கூற முடியாத ஃபுஜிகோ ஆகியோர் அவனுடைய கூட்டாளிகள்.

கணக்கின் முதல் பதிவு மொனாக்கோவின் சூதாட்ட விடுதியிலிருந்து தொடங்குகிறது. அங்கே அள்ளிய நோட்டுக் கட்டுகள் ஒரு சிறிய ஃபியட் 500 காரில் கழுத்தளவு நிரம்பியிருக்க, அவை அனைத்தும் கள்ளநோட்டுகள் என்பதை லூப்பன் கண்டுபிடிக்கிறான். சாதாரணத் திருடனாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு பக்கத்து ஊரில் மாற்றியிருப்பான். கனவானோ கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அத்தனையையும் சாலையில் வாரி இறைக்கிறான். போலிப் பணத்தைத் தொடுவது தன் தகுதிக்கு இழுக்கு என்று திருடன் கருதுவதும், அதே பணத்தைத் தலைமுறை தலைமுறையாக அச்சடிப்பது தன் குலத்தொழில் என்று காலியோஸ்ட்ரோ என்னும் குறுநாட்டை ஆளும் பிரபு கருதுவதுமே படத்தின் அறநெறி முரண் ஆகும். அந்த நாட்டின் கள்ளநோட்டுகள் பிரெஞ்சு அரச வம்சத்தைக் கவிழ்த்ததாகவும், நெப்போலியனின் போருக்குப் பணம் தந்ததாகவும் படம் சொல்லும் வரலாற்றைப் பாடநூல்கள் ஏனோ தவறவிட்டுவிட்டன.

வரவு இவ்வாறு முதல் சில நிமிடங்களிலேயே பூஜ்யமாகிவிட, செலவுகள் மட்டும் குறைவின்றித் தொடர்கின்றன. குறுநாட்டின் எல்லையில் டயர் பஞ்சராகிறது. அதை மாற்றி முடிப்பதற்குள், கட்டாயத் திருமணத்துக்கு அஞ்சி மணக்கோலத்தில் காரோட்டித் தப்பும் கிளாரிஸ் என்ற இளவரசி எதிர்ப்படுகிறாள். அவளிடமுள்ள மோதிரமும் பிரபுவிடமுள்ள மோதிரமும் இணைந்தால்தான் மறைந்த புதையலின் வழி திறக்கும் என்பதால், பிரபு பெண்ணைக் கேட்கிறானா மோதிரத்தைக் கேட்கிறானா என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மீண்டும் பிடிபட்டு அவள் சிறையிருக்கும் கோபுரத்துக்குச் செல்லக் கயிறு கட்டிய சிறு ராக்கெட்டுடன் கூரையேறும் லூப்பன், தீப்பற்ற மறுத்த லைட்டரோடு போராடும்போது அந்த ராக்கெட்டு கைநழுவி உருண்டோட, அதைத் துரத்திச் சரிவில் ஓடிய வேகத்திலேயே அகழிவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறான். இத்தனை பாடுபட்டு உள்ளே நுழைந்தவன் எடுத்துச் சென்றது எதுவுமில்லை. கையிலிருந்து ஒரு பூவையும் பலநாட்டுக் கொடித் தோரணத்தையும் வரவழைத்து அவளிடம் கொடுத்துவிட்டு, தன்னால் இப்போதைக்கு முடிந்தது இவ்வளவே என்று ஒப்புக்கொள்கிறான். பின்னர் குண்டடிபட்டுப் படுத்து, இழந்த இரத்தத்தை ஈடுகட்டும் பொருட்டு அவன் விழுங்கும் உணவின் அளவையும் செலவுப் பக்கத்தில் சேர்த்தே ஆக வேண்டும்.

காவல்துறையின் கணக்கு இதைவிட ஆரோக்கியமானது. நாடுகளின் காவல்துறைகளுக்கிடையே தகவலை ஒருங்கிணைப்பதே இன்டர்போல் எனப்படும் அமைப்பின் உண்மையான பணியாக இருக்க, அதன் அதிகாரியான செனிகாட்டா இந்த ஒருங்கிணைப்பை ஓடித் துரத்துதல் என்றே பொருள்கொண்டு, ஜப்பானின் சைதாமா மாகாணக் காவலர்கள் புடைசூழ ஐரோப்பியக் கோட்டை வாசலில் கப் நூடுல்ஸ் சாப்பிட்டபடி காத்திருக்கிறார். அவரை அங்கே வரவழைத்தவனும் லூப்பனே என்பது கனவான் மரபுக்கு முற்றிலும் உகந்தது. கோட்டைக்கு அடியிலிருக்கும் கள்ளநோட்டு அச்சகத்தைக் கண்டு அவர் புகார் செய்தபோது, அரசியல் சங்கடத்தை எண்ணி மேலிடம் பின்வாங்குகிறது. எனவே லூப்பனைத் துரத்தி வந்த வழியில் அச்சகம் தற்செயலாகத் தட்டுப்பட்டதாகத் தொலைக்காட்சி நேரலையில் வியப்பு நடித்து உலகுக்கே அதைக் காட்டிவிடுகிறார். திருடனைப் பிடிக்காமலே புகழ் சேர்க்கும் இக்கலையில் அவருக்கு நிகரில்லை.

புதையலும் வெளிப்படத்தான் செய்கிறது. ஆனால் ஏரி வடிந்து தோன்றும் அப்பொருள், நீருக்கடியில் பாதுகாக்கப்பட்ட ரோமானிய நகரம் ஒன்றாக இருப்பதால் எந்தச் சட்டைப்பைக்கும் அடங்குவதாயில்லை. தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறும், திருட்டுத் தெரியாவிட்டாலும் கற்றுக்கொள்வதாகவும் கிளாரிஸ் கேட்க, அணைக்க எழுந்த கைகளை அரும்பாடுபட்டு அடக்கிக்கொண்டு அவன் விடைபெறுகிறான். அவன் திருடிச் சென்றது அவளுடைய இதயத்தையே என்று செனிகாட்டா பதிவு செய்கிறார் எனினும், எந்த அடகுக்கடைக்காரரும் ஏற்காத பொருளைச் சொத்துக் கணக்கில் காட்டுவது தணிக்கை முறைக்கு ஒவ்வாது. கள்ளநோட்டு அச்சுத்தகடுகளை ஓசையின்றி எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கும் ஃபுஜிகோ ஒருத்தியே அன்று தொழில் செய்தவள்.

படத்துக்குள் இவ்வாறு தோற்ற திருட்டு, படத்துக்கு வெளியே தழைத்திருப்பது ஆய்வாளரின் கவனத்துக்குரியது. ஷெர்லக் ஹோம்ஸைத் தன் கதைக்குள் கொண்டுவந்த லெப்லான், கோனன் டாயிலின் ஆட்சேபத்துக்குப் பின் ஹெர்லக் ஷோம்ஸ் என்று எழுத்தை இடம் மாற்றிக் கடமையை முடித்துக்கொண்டார். மங்கி பஞ்சோ லெப்லானின் வாரிசுகளிடம் அனுமதி கேளாமலே அவருடைய நாயகனுக்குப் பேரன் பிறக்கச் செய்தார். அதன் விளைவாக அந்தப் பேரன் பிரான்சில் எட்கர் என்ற பெயரில் நடமாட நேர்ந்தது. காலியோஸ்ட்ரோ, கிளாரிஸ் என்னும் பெயர்கள் லெப்லானின் 1924ஆம் ஆண்டு நாவலிலும், ஏரிக்கடியில் மறைந்த ரோமானியச் சின்னங்கள் அவருடைய 1927ஆம் ஆண்டு நாவலிலும் ஏற்கெனவே உள்ளவை. காலியோஸ்ட்ரோ பிரபு என்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உலவியவரும் பலெர்மோ நகரத்து ஜுசெப்பே பால்சமோ என்னும் எத்தரே ஆவார். எழுத்தாளர்கள் கைவைத்த எதுவும் வீண்போகவில்லை. அவர்கள் படைத்த திருடன் மட்டுமே வெறுங்கையோடு திரிகிறான்.

படமும் தன் நாயகனுக்கு உண்மையாகவே நடந்துகொண்டது. திரையரங்குகளில் அது பெரிதாகச் சம்பாதிக்கவில்லை, இயக்குநரின் அடுத்த முழுநீளப் படம் 1984இல்தான் வெளிவந்தது. கிளாரிஸை மாணவியாக ஏற்க லூப்பன் மறுத்ததை அவனுடைய பெருந்தன்மைக்குச் சான்றாக ரசிகர்கள் காட்டுவர். வரவு செலவைப் பார்த்தவர்களோ, தொழில் கற்க விரும்பும் பெண்ணை ஃபுஜிகோவிடம் அனுப்பியிருக்கலாமே என்று மட்டும் சொல்வர்.