வினா ஆறு, விடை எட்டு: முத்துக்குளித்துறை நோக்கில் ஓர் இணைய ஆய்வு

இணையத்தில் கேள்வி கேட்கும் கலை அமெரிக்காவில் பிறந்தது என்பது ஆராய்ச்சியற்றோர் கூற்று. வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துவிட்டார். அவர் காலத்தில் மின்சாரம் இல்லை என்பது இம்முடிவுக்குத் தடையாகாது. ஆய்வெல்லை தூத்துக்குடி, ஆய்வாளரின் வீடு அங்கேதான் இருக்கிறது.

விடை தெரிந்தவரே கேட்பது அறிவினா. 1579இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' இவ்வகை. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அன்றிக் அடிகளார் தமிழாக்கிய அந்நூலில் வினவுவதும் விடையிறுப்பதும் நூலே. இன்றைய நிறுவனங்கள் யாருமே கேட்காதவற்றை 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று வெளியிடுவது இம்மரபின் தேய்வு.

அடுத்தது ஐயவினா. 'தூத்துக்குடி மக்ரூனில் போடுவது தேங்காயா, முந்திரியா?' முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை. பண்பாட்டுத் துறைக் கேள்வி இத்துடன் முடிந்திருக்க வேண்டும். அதற்குள் கோவில்பட்டிக்காரர் ஒருவர் வந்து, 'எங்க கடலைமிட்டாய்க்கு 2020லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு' என்பார். கேட்டதை விட்டு அதன் இனத்தைச் சொல்வதால் இது இனமொழி விடை. நிரலாளர்களிடம் இது செழித்து வளர்ந்திருக்கிறது: பைத்தானில் ஒரு வரி ஓடவில்லை என்றால் 'ரஸ்ட்டுக்கு மாறு' என்பார்கள். 'நீயே கூகுளில் தேடு' ஏவல் விடை. 'இதுவரை என்ன செய்து பார்த்தாய்?' வினாவெதிர் வினாதல். 'நான் செய்தேன், சர்வர் படுத்துவிட்டது' உற்றது உரைத்தல். 'செய்தால் படுத்துவிடும்' உறுவது கூறல். ஆக எட்டில் நேரானவை மூன்று, இங்கே கண்ட ஐந்தும் சுற்றிவளைப்பவை. இணையத்தைப் பாராமலே விகிதத்தைப் பிடித்திருக்கிறார் முனிவர்!

'ஏல, இதுகூடவா தெரியாது?' என்னும் ஒன்பதாம் விடையை மட்டும் அவர் நாகரிகம் கருதி விட்டிருக்க வேண்டும்.

அறிவியல் வினாக்களில் தலையாயது, முத்து எப்படி உண்டாகிறது என்பது. பழைய விடை மழைத்துளி, இணைய விடை மணல் துகள். இரண்டையும் சொல்வோர் காட்டும் உறுதி ஒன்றே. 1973இல் இதே தூத்துக்குடியில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு சிப்பிக்குள் சிறு மணியும் இன்னொரு சிப்பியின் சதையுறையில் வெட்டிய துணுக்கும் வைத்து முத்து விளைவித்தார்கள். ஓட்டின் உட்பளபளப்பைச் சுரக்கும் அந்தத் துணுக்கின் செல்களே மணியைச் சுற்றி முத்துப்படலமும் பூசுகின்றன. மணல் கட்சியினர் இன்னும் சரணடையவில்லை.

நல்ல வினாவின் இலக்கணத்தைச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பிடமிருந்தே கற்கலாம். அரசு எடுத்தவுடன் அதை அறிவித்ததில்லை. முதலில் சிப்பிகள் வாழும் கடலடிப் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள், அவற்றிலுள்ள முத்துகளை மதிப்பிடுவார்கள், தேறினால்தான் அறிவிப்பு. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. நம் நிரலாளரோ நாலாயிரம் வரி நிரலை அப்படியே கொட்டி, 'வேலை செய்யவில்லை, அவசரம்' என்று எழுதுகிறார். அது பாரையே பெயர்த்துக் கரையில் போடும் வேலை.

இன்னொரு கூட்டம் உண்டு. நாம் மாட்டிக்கொண்ட அதே சிக்கலைக் கேட்டு, மறுநாள் தாங்களே 'தீர்ந்துவிட்டது, நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள். இவர்களுக்கு இலக்கணத்தில் இடமில்லை, நரகத்தில் உண்டு.

ஆகவே அண்ணாச்சிமாரே, அக்காமாரே: பிழைச்செய்தியை முழுதாக ஒட்டுங்கள். தேவையான பத்து வரியை மட்டும் காட்டுங்கள். தீர்ந்தால், எப்படித் தீர்ந்தது என்று எழுதிவிட்டுப் போங்கள்.