சம்பள பாக்கி

கேள்வி: டான் குவிக்ஸாட்டும் சாஞ்சோ பான்சாவும் நண்பர்களா, எஜமானனும் வேலைக்காரனுமா?

பதில்: நண்பர்களுக்குள் சம்பளப் பேச்சு வராது என்பார்கள். இவர்களுக்குள் அது ஓயவே இல்லை. செர்வான்டிஸ் 1605-இல் வெளியிட்ட ‘டான் குவிக்ஸாட்’ நாவலின் முதல் பாகத்தில், எழுதப் படிக்கத் தெரியாத சாஞ்சோவுக்குப் பேசப்பட்ட கூலி, ஆளுவதற்கு ஒரு தீவு. எஜமான் காட்டிய அரக்கர்கள் அவன் கண்ணுக்கு வெறும் காற்றாலைகள். ஆனால் அவர் சொன்ன தீவு மட்டும் அவனுக்கும் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே பைத்தியம்.

கேள்வி: சாஞ்சோ ஏமாளிதானே?

பதில்: சியர்ரா மொரேனா மலையில் அநாதையாகக் கிடந்த பெட்டியில் நூற்றுக்கு மேல் தங்கக் காசு கிடைத்தபோது, அதை அவனையே வைத்துக்கொள்ளச் சொன்னார் எஜமான். மறுபேச்சு பேசாமல் வைத்துக்கொண்டான். ஏமாளிக்கு இவ்வளவு சாமர்த்தியம் போதாதா?

கேள்வி: மாதச் சம்பளம் கேட்டானா, இல்லையா?

பதில்: 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கேட்கிறான், மனைவி சொல்லிக் கொடுத்தபடி. தான் படித்த வீரக் கதைகள் எதிலும் ஏவலாளுக்கு மாதச் சம்பளம் கொடுத்ததாக இல்லை என்று கையை விரித்துவிட்டார் எஜமான். சம்பளம் தராமலிருக்க இலக்கியத்தைச் சாட்சிக்கு இழுத்தவர் இவராகத்தான் இருப்பார். அந்த வேலைக்கு நான் வருகிறேன் என்று படித்த இளைஞன் சான்சோன் கராஸ்கோ முன்வந்ததும் சாஞ்சோவின் கண் கலங்கிவிட்டது. சம்பளக் கோரிக்கை அப்போதைக்கு அதோடு சரி.

பிறகு ஓர் ஊர்ச் சண்டையில், வாய் சும்மா இல்லாமல் கழுதை மாதிரி கத்திக் காட்டி அடி வாங்குகிறான். மாவீரரோ குதிரையைத் தட்டிவிட்டு ஓடிவிட்டார்! முதுகு வலியோடு சாஞ்சோ கணக்குப் போடுகிறான்: முன்பு கராஸ்கோவின் அப்பாவிடம் மாதம் 2 டுகாட், சாப்பாடு வேறு. தீவு தருவதாக இவர் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று? இருபது வருஷம், மூன்று நாள் முன்னே பின்னே இருக்கலாமாம். எஜமான் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார். எல்லாப் பயணத்தையும் கூட்டினாலும் இரண்டு மாதம் தேறாது.

சிரித்து முடித்து அவர் திட்டத் தொடங்கியதும் இவன் அழுகிறான். தான் கழுதையேதான், வால் ஒன்றுதான் குறை என்று ஒப்புக்கொள்கிறான். பாக்கி அப்படியே நிற்கிறது.

கேள்வி: எஜமானை அவன் ஒருமுறையாவது எதிர்த்திருக்கிறானா?

பதில்: ஒரு மாதிரியாகவே எதிர்த்திருக்கிறான். எஜமானின் கனவுக் காதலி துல்சினியா மந்திரத்தில் கட்டுண்டிருப்பதாக அவரை நம்பவைத்தவனே சாஞ்சோதான். அந்தப் பொய் அவன் முதுகுக்கே திரும்பி வந்தது. மந்திரம் விலக அவன் தன்னைத்தானே 3,300 முறை அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிரபு மாளிகைக் கூத்தில் விதித்துவிடுகிறார்கள். பொறுமையிழந்த எஜமான் ஓர் இரவு தாமே சாட்டையடிக்கக் கிளம்புகிறார். சாஞ்சோ அவரைக் காலைத் தட்டிவிட்டு வீழ்த்தி, மார்பில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொள்கிறான். இனி அடிக்கும் பேச்சே இல்லை என்று வாக்கு வாங்கிய பிறகுதான் எழுந்திருக்கிறான்.

கடைசியில் விஷயம் பேரத்துக்கு வருகிறது. அடிக்குக் கால் ரியால், மொத்தம் 825 ரியால். இருட்டில் ஏழெட்டு அடி விழுந்ததுமே ரேட் கட்டாது என்கிறான். எஜமான் இரட்டிப்பாக்குகிறார். அப்புறம் அடியெல்லாம் மரத்துக்கு, முனகல் மட்டும் இவனுடையது. முனகலைக் கேட்டுப் பதறிப்போன அவர் ஓடிவந்து சாட்டையைப் பிடித்துக்கொள்கிறார். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நீ வேண்டும், துல்சினியா காத்திருக்கட்டும் என்கிறார். நாவல் முழுக்க யாருக்காகச் சண்டை போட்டாரோ, அவளை ஒரு மரத்தின் முதுகுக்காகத் தள்ளிப்போட்டார். இவர்கள் நண்பர்களா என்று கேட்டீர்களே, எனக்கு இந்த இடம் ஒன்றே போதும்.

கேள்வி: பாக்கி தீர்ந்ததா இல்லையா?

பதில்: மரணப்படுக்கையில் எஜமான் எழுதிய உயிலில் தீர்ந்தது. சாஞ்சோவின் கையில் இருக்கும் தன் பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது, மிஞ்சுவது அவனுக்கே என்று எழுதிவைத்தார். சாகாதீர்கள், ஆட்டிடையர் வேஷம் போட்டுக் காட்டுக்குப் போகலாம் என்று சாஞ்சோ அழுகிறான். அது உண்மையான அழுகைதான். ஆனால் உயில் எழுதிய பின் அவர் உயிரோடிருந்த மூன்று நாளும், சகோதரியின் மகள் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், வீட்டுக்காரியம் பார்ப்பவள் குடித்தாள், சாஞ்சோவும் சந்தோஷமாகவே இருந்தான் என்று செர்வான்டிஸ் கூசாமல் எழுதிவைத்திருக்கிறார்.