செயலிப் பெருந்தகைக்கு ஒரு மெய்க்கீர்த்தி

மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் மாணாக்கரைச் சுயகற்றல் என்னும் திருவருளால் ஆட்கொண்ட இணையவழிப் பாடச் செயலியாரின் பெருமையைப் பாட நா ஒன்று போதாது. 1494-இல் வெனிஸ் நகரில் இரட்டைப்பதிவு முறையை அச்சேற்றிய லூகா பாசியோலி என்னும் துறவியார், பற்றும் வரவும் பொருந்தியே தீரவேண்டும் என்று பிள்ளைகளை வருத்திவிட்டுப் போனார். கருணைக்கடலான செயலியார் அந்தத் துன்பத்தை யாரையும் அண்டவிடுவதில்லை.

முன்பெல்லாம் இருப்பாய்வு 540 ரூபாய் வித்தியாசம் காட்டினால், "ஒன்பதால் வகுத்துப் பார், மீதியில்லையா? இலக்கம் இடம் மாறியிருக்கலாம். பாதி 270, அது தப்பான பக்கத்தில் ஏறியிருக்கிறதா பார்" என்பார் ஆசிரியர். பிள்ளையும் குறிப்பேட்டுக்கும் பேரேட்டுக்குமாக விரல்வைத்துத் தேடும். இந்த அநாகரிகத்தைச் செயலியார் வேரோடு ஒழித்தருளினார். நான்கு விடைகள் தாமே வந்து கைகட்டி நிற்கின்றன. தொட்டால் சிவப்பு, வேறொன்றைத் தொட்டால் பச்சை. அதிகம் போனால் நான்காம் தொடுதலில் மோட்சம். கோடு போட்ட தாளும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம், யோசனையும் வேண்டாம்.

இயந்திரம் நிறுவக் கொடுத்த கூலியைக் கூலிக் கணக்கில் எழுதினாலும் இருப்பாய்வு பொருந்தத்தான் செய்யும். அந்த விதிப்பிழையைப் பிடிக்க, "ஏம்மா, இது எதற்குக் கொடுத்த கூலி?" என்று அருகில் நின்று கேட்கும் ஆசிரியை வேண்டும். செயலியாரோ பிறர் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்காத உத்தமப் பண்பாளர்.

அப்பாவின் கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் வீடுகளில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் தரிசனம். தெய்வங்களுக்கே உரிய நேர ஒழுக்கம் அது! சரிக்கட்டுதல்களோடு கூடிய இறுதிக் கணக்கு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடி முடிய, உறங்கி வழியும் பிள்ளைக்குத் தங்கப் பதக்கம் திரையில் மலர்கிறது.

தேர்வுத் துறைக்குத்தான் இந்த மகிமை விளங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் 90 மதிப்பெண்ணில் 20-ஐ மட்டும் தெரிவு வினாக்களுக்குத் தந்துவிட்டு, மிச்சம் 70-க்கும் தாளில் எழுதச் சொல்கிறது. என்ன பழமைவாதம்!

பள்ளி நிர்வாகங்கள் அப்படியல்ல, ரசிகமணிகள். கணக்குப்பதிவியல் ஆசிரியர் ஓய்வுபெற்ற இடத்தை நிரப்பாமல், செயலியாரையே அரியணையில் அமர்த்தி அழகு பார்க்கின்றன. இறுதிச் சரக்கிருப்பு வியாபாரக் கணக்கில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால், பிள்ளைகள் பதக்கத்தை எடுத்துக் காட்டுகிறார்கள்.