அஞ்சு கிராம் அறிவுரை

வாடா பேராண்டி, உக்காரு. என்னாடா மூஞ்சி, ஐப்பசி வானம் மாதிரி கறுத்துக் கெடக்கு? உங்கம்மா செய்யுற இறால் தொக்கை பாட்டில்ல அடைச்சு விக்கப்போறேன்னு சித்திரையில சொன்ன. இப்ப கார்த்திகை. எத்தனை பாட்டில் வித்த? ஒண்ணும் இல்லையா. எத்தனை குருவைப் புடிச்ச? ஏழா! பரவால்ல, தொக்கு ஓடலன்னாலும் அவங்க யாவாரம் ஓடுது.

இந்த பி.முட்லூர் டீக்கடை பெஞ்சுல உக்காந்து நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். திங்கக்கிழமை வடக்க போற பஸ்ல ஏறுற. அது கடலூர் குரு. புதன்கிழமை தெக்க போற பஸ்ல ஏறுற. அது சிதம்பரம் குரு. கடலூர்க்காரர் பாட்டில் வேணாம், பாக்கெட்டுல போடுங்கறார். சிதம்பரத்துக்காரர் பாக்கெட்டுன்னா மட்டமா தெரியும், கண்ணாடி பாட்டில்ல போட்டு சிங்கப்பூருக்கு அனுப்புங்கறார். செல்போன்ல வர்றாரே ஒருத்தர், அவர் தொக்கு கெடக்கட்டும், மொதல்ல ஆப்புங்கறார். வெச்சுட்டார்ல!

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. இந்த ஏழு பேர்ல யாராச்சும் மூடியைத் தொறந்து, ஒரு விரல் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தாங்களா? இல்லையா? சரி, டீ ஆறுது, குடி.

நானும் உன்னை மாதிரிதான் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி புவனகிரியில வாடகை சைக்கிள் கடை வெச்சேன். நாலு சைக்கிள். மாமா வந்தார், பெட்ரோமாக்ஸ் லைட்டையும் வாடகைக்கு விடுன்னார். மச்சான் வந்தான், பஞ்சர் ஒட்டுறதுல என்ன காசு, ரேடியோ ரிப்பேர் கத்துக்கன்னான். பக்கத்துக் கடைக்காரர் கடையை வாசல் மாத்தி வைன்னார். எல்லாத்தையும் கேட்டேன். ஆறு மாசத்துல கணக்குப் பாத்தா, நாலு சைக்கிளும் எனக்கு யோசனை சொன்னவங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. வாடகை? சொந்தக்காரன்கிட்ட வாடகை கேப்பியாடா?

உனக்கு பெரிய பெரிய ஊர்க் கதையெல்லாம் சொல்றாங்களாமே. நம்ம கடலூர்க் கதையை எவனும் சொல்லலையா? சின்னிகிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தார். பெரிய டப்பாவுல வர்றதைப் பணக்காரன்தான் வாங்குறான், கூலிக்காரனும் ரிக்‌ஷாக்காரனும் என்ன பண்ணுவான்னு யோசிச்ச மனுஷன். பவுடரை 20 கிராம், 50 கிராம்னு பிரிச்சார். பேதி உப்பை 5 கிராம் பொட்டலமா கட்டுனார். நீ இத்தனை மாசமா முழுங்கி வெச்சிருக்கிற அறிவுரைக்கு இப்ப அந்தப் பொட்டலம்தான் உனக்கு மருந்து!

அவர் மகன் சி.கே. ரங்கநாதன். படிக்கிற வயசுல புறா, மீனுன்னு வளர்த்துக்கிட்டிருந்த புள்ளை. அப்பா போனப்புறம் அண்ணன்மார் வெல்வெட் ஷாம்பு போட்டாங்க. இவருக்கும் அவங்களுக்கும் யோசனை ஒத்துவரல. சொத்துல பங்கு கேக்காம, கையில இருந்த 15,000 ரூபாயோட வெளிய வந்து, 1983ல சின்னதா ஒரு எடத்தை வாடகைக்குப் புடிச்சு சிக் ஷாம்பு போட்டார். அந்தப் பேர் என்னா தெரியுமா? அப்பா பேரோட சுருக்கம். அந்தக் கம்பெனிதான் பின்னால கவின்கேர் ஆச்சு.

இப்ப கவனி. அப்பன் பேரைப் பாக்கெட் மேல போட்டார், சின்னப் பாக்கெட்டுங்கிற யோசனையை எடுத்துக்கிட்டார். ஆனா அப்பன் பண்ண மாதிரியே பண்ணல. அப்பா புதுசு புதுசா கண்டுபுடிப்பார், ஒண்ணைக் கொண்டுபோய் வித்து நிலைநிறுத்துறதுல மனசு நிக்காதுன்னு மகனே பேட்டியில சொல்லியிருக்கார். பெத்த தகப்பன்கிட்டயே பாதியை எடுத்துக்கிட்டு பாதியை விட்ட ஆளு அவர். நீ என்னடான்னா போன மாசம் பாத்த ஆளு சொன்னான்னு, பாட்டி காலத்து மொளகா அரைப்பை மாத்தலாமான்னு கேக்குற!

விக்கிறதுக்கு அவர் என்ன பண்ணார்? கிராமத்துக்குப் போய் நாலு பேர் பாக்க பசங்க தலையில ஷாம்பு தேச்சுக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கன்னார். எந்தக் கம்பெனி ஷாம்புவா இருந்தாலும் அஞ்சு காலிப் பாக்கெட் கொண்டா, ஒரு சிக் பாக்கெட் சும்மா தரேன்னார். கொஞ்ச நாள் கழிச்சு, இனிமே அஞ்சும் சிக் பாக்கெட்டா இருக்கணும்னுட்டார். பாத்தியா குசும்பை.

கடனுக்கு அலைஞ்ச கதையையும் கேளு. அடமானம் வைக்க ஒண்ணும் கெடையாது, எந்த பேங்கும் சேக்கல. கடைசியில ஒரு மேனேஜர் 25,000 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டார். ஏன்? இந்த ஆள்கிட்ட அடமானம் இல்ல, ஆனா வருமான வரி கட்டுறான்னு. உன் ஏழு பேர்ல ஒருத்தராச்சும் கணக்கு நோட்டு போடுடான்னு சொன்னாங்களா? லோகோ போடுன்னாங்க.

அப்புறம் உன் குருமார்ல ஒருத்தர் கூப்புடுறாரே, அந்தக் கட்டண வகுப்பு. மூணு நாள், வெற்றியோட ரகசியமாம். சிதம்பரம் கோயில்ல திரையை விலக்கிக் காட்டுவாங்க, அங்க வெட்டவெளியும் தங்க வில்வ மாலையும் இருக்கும். அது சாமி, கன்னத்துல போட்டுக்கலாம். இவர் திரையை விலக்குனாலும் வெட்டவெளிதான். மாலைக்கான தங்கம் மட்டும் உன் வீட்டுல இருந்து போவும்.

யாரையும் கேக்காதன்னு சொல்லலடா. ஒரு ஆள்கிட்ட ஒரு சந்தேகம் கேளு. கடன், மானியம்னா கடலூர்ல மாவட்டத் தொழில் மையம் இருக்கு, அவங்களைக் கேளு. தின்பண்டம் விக்கணும்னா உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும், அதை அந்த ஆபீஸ்ல கேளு. இறாலைப் பத்தியா, பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையம் எத்தனை வருஷமா இருக்கு, ஒருநாளாச்சும் அந்த வாசல்ல நின்னியா?

கூட நடக்க ஒரே ஒரு ஆள் வேணும்னா, சிதம்பரத்துல ஒரு ஊறுகாய்க்காரம்மா இருக்கு. போன வருஷம் நம்ம வீட்டு எலுமிச்சங்காயை எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். நான் பெருமை பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்தம்மா நகத்தால தோலைக் கீறி மோந்து பாத்துச்சு. மரத்துல பறிச்சதா, கீழ விழுந்ததான்னு கேட்டுச்சு. விழுந்ததுதான், எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அதுகிட்ட பாட்டிலைக் குடு. இறால் என்ன வெலைக்கு எடுத்த, எத்தனை நாள் வெச்சுப் பாத்த, திரும்பி வந்த சரக்கை என்னா பண்ணுவன்னு கேக்கும். நீ முழிப்ப. தன்னோட எந்தச் சரக்கு பூஞ்சை புடிச்சுக் குப்பைக்குப் போச்சுன்னு அதுவே சொல்லும். பெருமையா இல்ல, எரிச்சலா சொல்லும். அந்த எரிச்சல் இருக்கே, அது உன் ஏழு பேர்கிட்டயும் காசு குடுத்தாலும் கெடைக்காது. ஆனா சிங்கப்பூருக்கு அனுப்பலாமான்னு மட்டும் அதைக் கேட்டுடாத, அதுக்குத் தெரியாது. தெரியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடும்.

நான் எட்டாவது குருவான்னு பாக்குறியா? படவா, சைக்கிள் கடை கதையைத்தான் சொல்லிட்டேனே.

பாரு, தெக்க போற பஸ் வருது, ஓடு. டீக்காசு ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்துட்டுப் போ. பையில ரெண்டு பாட்டில் வெச்சிருக்கல்ல, ஒண்ணை இப்படி வெச்சுட்டுப் போடா. மூடியை நல்லா லூசாக்கிட்டு வை, எனக்குக் கையில பலம் இல்ல.